குணச்சித்திர நடிகரின் வாழ்க்கையும் தொழிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்த் திரையில் குணச்சித்திர வேடங்களில் நிலைத்து நின்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எப்படி வேலை செய்தார்கள், இன்று இந்த வேலைக்கு வருகிறவர் எதையெல்லாம் பழகிக்கொள்ள வேண்டும் என்பது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

குணச்சித்திர நடிகரும் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டும் ஒன்றா?

இல்லை. கல்யாணக் காட்சியில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேர் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகள். அவர்களுக்குத் தனிச் சங்கம், தனிச் சம்பளக் கணக்கு உண்டு. ஏஜென்ட் வழியாக வேலைக்கு வருவார்கள். மண்டப வாசலில் பெண்ணின் அப்பாவாக நின்று, சம்பந்தி முகம் சுளிப்பதைக் கண்டு தோள் துண்டைச் சரிசெய்துகொள்கிறாரே, அவர் குணச்சித்திர நடிகர். அந்த வேடத்துக்கு ஒரு பெயர் இருக்கும், ஒரு பின்கதை இருக்கும், கதை அவரைத் தொட்டுக்கொண்டு நகரும். தளத்தில் யாரும் ‘குணச்சித்திரம்’ என்று சொல்வதில்லை. ‘கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்’ என்பதுதான் அங்கே புழங்கும் சொல்.

வில்லன், காமெடியன் என்று தனித்தனியாகப் பிரிப்பது போஸ்டருக்கு வசதி. தேர்ந்த கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் இந்த எல்லா வேடங்களுக்கும் போய்வருவார்.

பழைய நடிகர்கள் எல்லாரும் நாடகத்திலிருந்துதான் வந்தார்களா?

பெரும்பாலும் அப்படித்தான். பாய்ஸ் கம்பெனி என்று சொல்லப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்கள்தான் முதல் பள்ளிக்கூடம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய குழுவும், டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தொடங்கிய ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவும் முக்கியமானவை. அங்கே ஒரு பையன் இன்றைக்குப் பெண் வேடம் போடுவான், நாளைக்கு நாரதர், குரல் உடைந்த பிறகு வில்லன். ஒரே ஆள் பல வேடம் என்பது அங்கே சோற்றுக்கான வழியாக இருந்தது. அந்தப் பழக்கம் அப்படியே சினிமாவுக்கு வந்தது. எம்.ஆர். ராதா ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தை ஊர் ஊராக நடித்து, ஒவ்வோர் இடைவெளியும் கைவந்த பிறகே 1954இல் அது படமானது.

வேறு வேலையிலிருந்து வந்தவர்களும் உண்டு. எஸ்.வி. ரங்காராவ் தீயணைப்புத் துறையில் அதிகாரியாக இருந்தவர். நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தா. டெல்லி கணேஷ் 1964 முதல் 1974 வரை இந்திய விமானப் படையில் பணியாற்றினார். டெல்லியில் நாடகம் போட்டவர் 1977இல் வெளிவந்த ‘பட்டினப் பிரவேசம்’ மூலம் திரைக்கு வந்தார். பிந்தைய தலைமுறைக்கு ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு பெரிய வாசல். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் அங்கே உடம்பையும் மூச்சையும் பழக்கியவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கராக இருந்தபடியே ஒத்திகைகளைப் பார்த்தவர்.

வேறு வேலை பார்த்த அனுபவம் வீண்போகாது. ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டவர், ரேஷன் கடைக்காரராக நடிக்கும்போது பேனாவைப் பிடிக்கும் விதமே வேறாக இருக்கும்.

‘பன்முக நடிகர்’ என்று எதை வைத்துச் சொல்வது? கெட்டப் மாற்றினால் போதுமா?

போதாது. மீசையையும் விக்கையும் எடுத்த பிறகும் ஆள் வேறாகத் தெரிய வேண்டும். ரகுவரனை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தில் அப்பாவிடம் காசுக் கணக்குப் பேசும் மூத்த மகன், ‘அஞ்சலி’ (1990) படத்தில் குழந்தையைப் பற்றிய உண்மையை உள்ளுக்குள் வைத்துப் புழுங்கும் தகப்பன், ‘பாட்ஷா’ (1995) படத்தில் மார்க் ஆண்டனி. அதே உயரம், அதே ஒல்லியான உடம்பு, அதே கரகரத்த குரல். ஒப்பனையில் பெரிய வித்தியாசம் கிடையாது. பேசுவதற்கு முன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார், எதிராளியை நேராகப் பார்க்கிறாரா, பார்வையை எங்கே கீழே போடுகிறார் என்பவைதான் மூன்று படத்திலும் மாறுகின்றன.

ரங்காராவைப் பற்றி ஒரு தகவல் இந்தக் கேள்விக்கு நேரான பதில். ‘மாயா பஜார்’ (1957) தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்டது. அபிமன்யுவாக தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். கடோத்கஜன் மட்டும் இரண்டிலும் ரங்காராவ்தான். கதையில் கடோத்கஜன் மாயத்தால் வத்சலாவின் உருவம் எடுத்து அவள் இடத்தில் இருப்பான். அந்தக் காட்சிகளில் திரையில் இருப்பவர் சாவித்திரி. நடையும் கைவீச்சும் உறுமலும் ரங்காராவுடையவை. சாவித்திரியின் திறமை அது, சந்தேகமில்லை. ஆனால் இன்னொருவர் எடுத்து அணிந்துகொள்ளும் அளவுக்கு அந்தப் பாத்திரத்துக்குத் திட்டமான உடல்மொழியை ரங்காராவ் செய்து வைத்திருந்தார் என்பதையும் பாருங்கள். அவரே ‘நர்த்தனசாலா’ (1963) தெலுங்குப் படத்தில் கீசகனாக நடித்ததற்கு ஜகார்த்தாவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

வசனம் குறைவான வேடத்தில் என்ன செய்துவிட முடியும்?

‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் தன் அப்பா டி.எஸ். பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். முதல் தடவை எல்லாரும் நாகேஷைத்தான் பார்ப்போம். கதவு கிரீச்சிடுவது, காலடி ஓசை எல்லாம் அவர் வாயிலிருந்தே வருகின்றன. இரண்டாம் தடவை பாலையாவை மட்டும் பாருங்கள். தொடக்கத்தில், மகன் என்ன உளறப்போகிறானோ என்ற அலட்சியத்தோடு உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் கொஞ்சமாகக் கதை அவரைப் பிடிக்கிறது. கண் விரிகிறது, உடம்பு நாற்காலிக்குள் ஒடுங்குகிறது, கை எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுகிறது. அவர் பயப்படுவதால்தான் நமக்கு அந்தக் கதை பயமாகவும் சிரிப்பாகவும் இருக்கிறது. பாலையா சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாகேஷ் செய்தது வெறும் மிமிக்ரியாகப் போயிருக்கும்.

இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: கேட்பதுதான் கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்டின் முதல் வேலை. பயிற்சி எளிது. ஒருவர் இரண்டு நிமிடம் ஏதாவது சம்பவம் சொல்லட்டும். நீங்கள் பேசாமல் கேளுங்கள். அதை வீடியோ எடுங்கள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். கதை எந்த இடத்தில் திரும்பியது என்று உங்கள் முகத்தை வைத்தே தெரிய வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டுவது. தலையாட்டினால் க்ளோஸப்பில் முகம் ஆடிக்கொண்டே இருக்கும், எடிட்டர் அந்த ஷாட்டை வைக்கவே மாட்டார்.

இன்று வாய்ப்பு தேட என்ன கையில் இருக்க வேண்டும்?

மூன்று புகைப்படம்: முகம், இடுப்பு வரை, முழு உருவம். ஃபில்டர் வேண்டாம், கூலிங் கிளாஸ் வேண்டாம். உங்கள் வயது உங்கள் வயதாகவே தெரியட்டும். ஐம்பது வயது முகத்துக்குத்தான் ஐம்பது வயது வேடம் வரும். ஒரு நிமிட அறிமுக வீடியோவில் பெயர், உயரம், பேசும் மொழிகள், வட்டார வழக்குகள், உண்மையாகத் தெரிந்த கைத்தொழில்கள் (நீச்சல், மாட்டுவண்டி ஓட்டுதல், தவில், தையல்) ஆகியவற்றைச் சொல்லி, இடமும் வலமும் ஒருமுறை திரும்பிக் காட்டினால் போதும்.

வசனம் கொடுத்து வீட்டிலிருந்து நடித்து அனுப்பச் சொன்னால், போனைப் படுக்கைவாட்டில், கண் மட்டத்தில் வையுங்கள். ஜன்னல் உங்களுக்கு எதிரே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். எதிர்வசனம் படிப்பவர் போனுக்குப் பக்கத்தில் நிற்பதால் அவர் குரல்தான் பெரிதாகப் பதியும். அவரை ஓரடி பின்னால் நிறுத்தி, தணிந்த குரலில் படிக்கச் சொல்லுங்கள். பார்வை லென்ஸில் வேண்டாம், லென்ஸுக்கு ஒட்டி ஒரு பக்கம்.

வேடம் தருவதற்கு யாராவது உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ‘கார்டு எடுக்க’, ‘போர்ட்ஃபோலியோ கட்டணம்’, ‘காஸ்ட்யூம் டெபாசிட்’ என்று பெயர் எதுவாக இருந்தாலும் சரி.

வேடம் உறுதியானதும் முதலில் செய்ய வேண்டியது?

ஒரு அட்டவணை போடுங்கள். படம் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை. முதல் நாளே உங்கள் சாவுக் காட்சியை எடுக்கலாம். மகள் கல்யாணத்தை மூன்று மாதம் கழித்து எடுப்பார்கள். உங்கள் காட்சிகளை மட்டும் கதை வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: காட்சி எண், அப்போது அவருக்கு வயது, சற்று முன் எங்கே இருந்தார், இந்த நேரத்தில் அவருக்கு என்னென்ன தெரியும். கடைசிக் கட்டம்தான் உயிர்நாடி. மகன் வேலையை விட்டது அப்பாவுக்குக் காட்சி 42இல்தான் தெரியவருகிறது என்றால், காட்சி 38இல் அவனைப் பார்க்கும் பார்வையில் அந்தச் சோகம் இருக்கக் கூடாது. நடிகருக்கு முழுக் கதையும் தெரிந்துவிடுவதால் இந்தத் தவறு சுலபமாக நுழைந்துவிடும், டைரக்டரும் அவசரத்தில் கவனிக்காமல் போவதுண்டு.

வட்டார வழக்கு பேசும் வேடத்துக்கு எப்படித் தயாராவது?

சொற்களைப் பொறுக்கிப் போட்டால் வழக்கு வந்துவிடாது. ‘ஏனுங்க’ போட்டால் கோவை, ‘ஏலே’ போட்டால் நெல்லை என்ற கணக்கில் நடித்தால் அந்த ஊர்க்காரர்கள் முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நெல்லைப் பக்கம் ‘வே’ சொல்லும் இடம் வேறு, ‘லே’ சொல்லும் இடம் வேறு. சமவயதுக்காரரை, கொஞ்சம் மூத்தவரை உரிமையோடு விளிப்பது ‘வே’. இளையவனை விளிப்பது ‘லே’. மாற்றிப் போட்டால் இரண்டு பாத்திரங்களுக்கு இடையிலான மரியாதையே மாறிவிடும்.

அந்த ஊரில், பாத்திரத்தின் வயதையும் தொழிலையும் ஒத்த ஒருவரை அரை மணி நேரம் பேசவைத்து, அவர் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். பேட்டி போல் கேட்காமல், சண்டை, மழை, கடன் என்று அவரை இழுக்கும் பேச்சாக இருக்கட்டும். முதலில் ராகத்தை மட்டும் பிடியுங்கள். வாக்கியத்தின் கடைசி எழுத்து ஏறுகிறதா, இறங்குகிறதா, இழுக்கிறதா என்று வாய்க்குள் முனகிப் பாருங்கள். பிறகு உங்கள் வசனத்தை அவரையே சொல்லவைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘மைக்கேல் மதன காம ராஜன்’ (1990) படத்தில் டெல்லி கணேஷ் பேசும் பாலக்காட்டுத் தமிழைக் கேளுங்கள். கோபத்திலும் கெஞ்சலிலும் அந்த ராகம் நழுவாது. கோபக் காட்சியில்தான் பலருக்குச் சொந்த ஊர் வெளியே வந்துவிடும். அதனால் ஒத்திகையைக் கோபக் காட்சியிலிருந்து தொடங்குவது நல்லது.

தளத்தில் அதிகம் சொதப்புவது எது?

கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் செய்ததை அடுத்த ஷாட்டிலும் மாறாமல் செய்வது. அதிலும் சாப்பாட்டுக் காட்சி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குடும்பம் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பக்கக் காட்சி. ஒரு மாஸ்டர் (காட்சி முழுவதையும் எல்லாரும் தெரியும்படி எடுப்பது), இரண்டு சஜஷன் (ஒருவர் தோளுக்கு மேலாக எதிராளியை எடுப்பது), மூன்று க்ளோஸ் (முகம் மட்டும்). ஆறு ஷாட், ஒவ்வொன்றும் நான்கு டேக் என்றால் 24 தடவை. மாஸ்டரில் நீங்கள் மூன்று கவளம் சாப்பிட்டிருந்தால் மொத்தம் 72 கவளம். பசியோடு வந்த புதுநடிகர் மாஸ்டரில் அள்ளி அள்ளிச் சாப்பிட்டு, மதியத்துக்குள் திணறிப்போவார். அதற்குமேல் அவர் முகத்தில் தெரிவது பாத்திரத்தின் துக்கமாக இருக்காது.

அனுபவப்பட்டவர் என்ன செய்வார்? சுண்டைக்காய் அளவு கவளம். வசனத்துக்கு முன்னால் வாயில் போட மாட்டார். வசனம் முடிந்த பிறகே போடுவார், அதனால் குழறாது. மீதி நேரம் பிசைவார், ஓரத்தில் ஒதுக்குவார், மோருக்குக் கை நீட்டுவார். எந்தச் சொல்லில் கை இலைக்குப் போனது, எந்தச் சொல்லில் டம்ளரை வைத்தார் என்று வசனத் தாளிலேயே அந்தச் சொல்லின் மேல் புள்ளி வைத்துக்கொள்வார். கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் போட்டோ எடுத்து வைத்திருப்பார். ஆனால் போட்டோ அசைவைச் சொல்லாது. இலையில் அப்பளம் உடைந்திருந்ததா என்று அது சொல்லும். அதை உடைத்தது எந்தச் சொல்லில் என்பது நடிகருக்குத்தான் தெரியும். சொல்லும் அசைவும் பொருந்தாவிட்டால் எடிட்டரால் மாஸ்டரிலிருந்து உங்கள் க்ளோஸுக்கு வெட்ட முடியாது. நீங்கள் எவ்வளவு பிரமாதமாக நடித்திருந்தாலும் அந்த க்ளோஸ் தூக்கிப்போடப்படும். படத்தில் தன் க்ளோஸ் குறைந்துவிட்டது என்று வருந்துபவர்களில் பலருக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

இதே விதி தோள் துண்டு, கண்ணாடி, வேட்டி மடிப்பு, கையில் வைத்திருக்கும் சாவி எல்லாவற்றுக்கும் பொருந்தும். மாஸ்டரில் குறைவாகச் செய்யுங்கள். செய்வதை நினைவில் வைக்கும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.

மார்க், லுக் என்கிறார்களே, அவை என்ன?

நடந்து வந்து நிற்க வேண்டிய இடம் மார்க். அங்கே நின்றால்தான் ஃபோகஸும் லைட்டும் சரியாக விழும். குனிந்து பார்த்தால் காட்சி கெட்டது. மார்க்கில் நின்று, அங்கிருந்து பின்னோக்கி அதே வேகத்தில் நடந்து ஆரம்ப இடத்துக்குப் போங்கள், எத்தனை அடி என்று எண்ணுங்கள். டேக்கில் அதே எண்ணிக்கை உங்களைச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தும்.

லுக் என்பது பார்வை போகும் திசை. எதிரே இருப்பவர் உங்கள் ஷாட்டில் கேமராவுக்கு வலப்பக்கம் என்றால் கடைசி வரை வலப்பக்கம்தான். பல நாட்களில் கதாநாயகரின் க்ளோஸ் முதலில் எடுக்கப்பட்டு அவர் கிளம்பிவிடுவார். உங்கள் க்ளோஸுக்கு உதவி இயக்குநர் ஒருவர் நின்று அவர் வசனத்தைத் தட்டையாகப் படிப்பார். இதற்கு முன்கூட்டியே வழி செய்யுங்கள். கதாநாயகரின் க்ளோஸ் எடுக்கும்போது கேமரா பக்கத்தில் நின்று உங்கள் வசனத்தை முழு உணர்வோடு கொடுங்கள். அவருக்கும் உதவி, அவர் எங்கே நிறுத்தினார், எங்கே குரல் தழுதழுத்தது என்பது உங்கள் காதில் ஏறிவிடும். பிறகு உதவி இயக்குநரிடம், “இந்த இடத்தில் இரண்டு விநாடி விட்டுப் படிங்க தம்பி” என்று கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஒட்டுத் தாடி ஏன் திரையில் தெரிந்துவிடுகிறது?

ஓரத்தால். வலைத்துணியில் முடி கோத்த தாடியின் விளிம்பு தோலோடு படிய வேண்டும். அதை ஒட்டும் ஸ்பிரிட் கம் வியர்வையில் இளகும், முதலில் விடுவது வாயின் இரு மூலைகள். வெயிலில் அவுட்டோர் என்றால் மதியத்துக்குள் ஒருமுறை பிரித்து, தோலைத் துடைத்து உலரவிட்டு மறுபடி ஒட்டுவதே சரி. மேலேயே பசை பூசிக்கொண்டே போனால் விளிம்பு தடித்துப் பளபளக்கும். பழைய ஃபிலிம் காலத்தில் மறைந்த இந்தக் குறை இன்றைய டிஜிட்டல் கேமராவில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஒட்டுவதற்கு முந்தைய நாளே காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுப் பசை தடவிப் பாருங்கள். அரிப்பு வந்தால் மேக்கப்மேனிடம் சொல்லுங்கள். கழற்றும்போது இழுக்கக் கூடாது, தண்ணீரால் கரையாது. அதற்கான திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஓரத்திலிருந்து தளர்த்த வேண்டும்.

சொந்தத் தாடியே மேல். ஆனால் அது மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு படத்துக்குத் தாடி, இன்னொரு படத்துக்கு மழித்த முகம் என்று ஒரே மாதத்தில் தேதி கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. தேதி கொடுப்பதற்கு முன் கெட்டப்பைக் கேளுங்கள்.

டப்பிங்கில் என்ன கவனிக்க வேண்டும்?

உதடு பொருந்துவது பாதிதான். உடம்பும் பொருந்த வேண்டும். ஓடிவந்து பேசிய வசனத்தை நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் மூச்சு இருக்காது, குரல் வேறு எங்கிருந்தோ கேட்கும். நின்றுகொண்டே பேசுங்கள், மூட்டை தூக்கும் காட்சிக்கு இரண்டு கையையும் கோத்து இறுக்கிக்கொள்ளுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி, கத்தும்போது இன்னும் அரை அடி பின்னால்.

ப, ம இரண்டும் உதடு ஒட்டும் எழுத்துகள். வசனம் மாறும்போது இவைதான் காட்டிக்கொடுக்கும். படப்பிடிப்பில் ‘மதுரை’ என்று பேசிய ஊர்ப்பெயரை மாற்ற வேண்டும் என்றால் ‘பழநி’ உட்கார்ந்துவிடும்: மூன்று அசை, முதல் எழுத்தில் உதடு ஒட்டுகிறது. ‘தேனி’ உட்காராது. மாற்று வசனம் எழுதும் உதவி இயக்குநரிடம் இதைச் சொன்னால் பூத்தில் ஒரு மணி நேரம் மிச்சமாகும். எம்.எஸ். பாஸ்கர் போன்றவர்கள் டப்பிங் கலைஞராகப் பல ஆண்டு வேலை செய்தவர்கள். நடிக்கும்போது அவர்கள் வசனம் இவ்வளவு துல்லியமாக விழுவதற்கு அந்தப் பயிற்சியும் ஒரு காரணம்.

சம்பளம், ஒப்பந்தம், வரி எப்படி?

இரண்டு முறை: நாள் கணக்கு, அல்லது படத்துக்கு மொத்தமாக. மொத்தம் என்றால் எத்தனை நாள் என்ற எண் எழுத்தில் இருக்க வேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் எவ்வளவு என்பதும் வேண்டும். எந்த மாதத்துத் தேதிகள், கெட்டப் நிபந்தனை, பேட்ச்வொர்க் (விடுபட்ட ஷாட்களைப் பிறகு எடுப்பது) சேர்ந்ததா, டப்பிங் சேர்ந்ததா, வேறு மொழிக்கும் நீங்களே பேசுகிறீர்களா, பயணம், தங்குமிடம், பேட்டா (தினப்படி), உங்கள் உதவியாளருக்கு யார் தருவது. வாய்ப்பேச்சாக முடிந்தாலும் அன்று மாலையே தயாரிப்பு மேனேஜருக்கு இவற்றை வாட்ஸப்பில் அனுப்பி “சரி” என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதிச் சம்பளம் டப்பிங்குக்கு முன் கைக்கு வருவதுதான் தொழிலின் வழக்கம். டப்பிங் முடிந்த பிறகு உங்களிடம் பிடிமானம் எதுவும் இருக்காது. தகராறு என்றால் முதலில் போக வேண்டிய இடம் நடிகர் சங்கம். 1952 முதல் இயங்கும் தென்னிந்திய நடிகர் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது அதற்கு உதவும்.

தயாரிப்பாளர் 10 சதவீதம் வரி பிடித்துத்தான் தருவார். பிடித்த வரி உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் அந்தப் பணம் உங்களுக்குக் கணக்கில் வராது. ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு அவசியம், 18 சதவீதம். சம்பளம் பேசும்போதே ‘ஜிஎஸ்டி தனி’ என்று சொல்லாவிட்டால் அது உங்கள் கையிலிருந்து போகும்.

ஒரே மாதிரி வேடமே வருகிறது. எப்படி உடைப்பது?

போலீஸாக ஒரு படம் ஓடிவிட்டால் அடுத்த பத்து அழைப்பும் காக்கிச்சட்டைதான். எல்லாவற்றையும் மறுக்க வீட்டு நிலைமை இடம் தராது. சின்னப் படம், சம்பளம் குறைவு, ஆனால் முற்றிலும் வேறு வேடம் என்று ஆண்டுக்கு ஒன்றாவது செய்யுங்கள். டைரக்டர்களுக்குக் காட்டுவதற்கு அந்த இரண்டு நிமிடக் காட்சி பயன்படும்.

பாலையா ‘சதிலீலாவதி’ (1936) காலத்திலிருந்து வில்லன். அதே மனிதர் ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் செருக்கு மிகுந்த ஹேமநாத பாகவதர், ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் பாசமுள்ள தவில் வித்வான். நாகேஷ் நகைச்சுவையின் உச்சிக்குப் போய்வந்த பிறகு ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் ஈரமில்லாத வில்லன். ‘மகளிர் மட்டும்’ (1994) படத்தில் பிணம்! கண் இமைக்காமல், மூச்சு தெரியாமல், மற்றவர்கள் தூக்கிச் சாய்க்கும் பக்கமெல்லாம் உடம்பைத் தளர்த்திக் கொடுத்து அவர் செய்தது, பேசும் வேடங்களைவிடக் கடினமான வேலை. அதே ஆண்டு ‘நம்மவர்’ படத்தின் தகப்பன் வேடத்துக்குத் தேசிய விருது.

விருது உண்டா?

சிறந்த துணை நடிகர், துணை நடிகைக்கான தேசிய விருது 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தரப்படுகிறது. தமிழில் மனோரமா (‘புதிய பாதை’), நாகேஷ், பிரகாஷ்ராஜ் (‘இருவர்’), தம்பி ராமையா (‘மைனா’), அப்புக்குட்டி (‘அழகர்சாமியின் குதிரை’), சமுத்திரக்கனி (‘விசாரணை’), எம்.எஸ். பாஸ்கர் (‘பார்க்கிங்’) முதலியோர் பெற்றிருக்கிறார்கள். ரங்காராவும் பாலையாவும் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பிறகே இந்தப் பிரிவு வந்தது என்பது வருத்தம்தான்.

என் காட்சிகளை வெட்டிவிட்டால்?

நடக்கும். படத்தின் நீளம் குறைக்கும்போது கதாநாயகரில்லாத காட்சிகள்தான் முதலில் போகும். சம்பளம் அதனால் குறையாது. ரிலீஸுக்கு முன் ஊரெல்லாம் சொல்லிவைக்காதீர்கள். வெட்டிய காட்சியை உங்கள் தொகுப்புக்கு வாங்கிக்கொள்ள முடியுமா என்று ரிலீஸ் முடிந்த பிறகு டைரக்டரிடம் கேட்கலாம்.

எத்தனை வயது வரை நடிக்கலாம்?

கதைகளில் தாத்தா பாட்டி இருக்கும் வரை. மனோரமா ‘மாலையிட்ட மங்கை’ (1958) தொடங்கி ஐம்பது ஆண்டுக்கு மேல், ஆயிரம் படங்களைத் தாண்டி நடித்தார். நாகேஷ் ‘தசாவதாரம்’ (2008) வரை நடித்து, 2009 ஜனவரி 31 அன்று மறைந்தார்.

வயதாகும்போது முதலில் தடுமாறுவது வசன மனப்பாடம். தாளை முந்தைய நாளே கேட்டு வாங்குங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். நீள வசனத்தை அசைவோடு கோத்துக்கொள்ளுங்கள்: எழுந்திருக்கும்போது இந்த வாக்கியம், ஜன்னலைத் திறக்கும்போது அடுத்தது. உடம்பு சொல்லை ஞாபகப்படுத்தும். தரையில் உட்காரும் காட்சி இருந்தால் டேக்குகளுக்கு நடுவே எழுந்து நிற்க ஒரு ஸ்டூலைப் பக்கத்தில் போட்டுவைக்கும்படி செட் உதவியாளரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். இரவுப் படப்பிடிப்பில் எத்தனை மணி வரை உங்களால் இருக்க முடியும் என்பதையும் தேதி கொடுக்கும் அன்றே பேசிவிட வேண்டும். நடு இரவில் தளத்தில் நின்று அதைப் பேச முடியாது.